ஹட்டன் மாடிக் கடையும் அரவிந்த்சாமி கேசட் பெட்டியும்

வீட்டில் பழைய வீடியோ கேசட் வைத்திருக்கிற மலையகத்துக்காரர்கள் இதைக் கட்டாயம் வாசிக்க வேண்டும். ஹட்டன் டவுனில், பிரதான வீதியில், ஒரு தையல் கடைக்கு மேல்மாடியில் அந்தக் கேசட்டுகளைப் பென் டிரைவுக்கு மாற்றித் தருகிற ஒருவர் இருக்கிறார். பெயர்ப் பலகை கிடையாது. கீழே தைக்கிற அக்காவிடம் "கேசட் அண்ணன் இருக்காரா" என்று கேட்டால் படியைக் காட்டுவார். வேலை சுத்தம், காசு நியாயம். அவசரப்படுகிறவர்களுக்கு மட்டும் அந்த இடம் சரிவராது.

நான் கொண்டு போனது பெரியண்ணனின் பெட்டி. தொண்ணூறுகளில் நோர்வூட் பக்கத்துத் தோட்டங்களில் அவர் டெக் (வீடியோ கேசட் ஓட்டும் கருவி) வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். அப்போது பல லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், கரண்ட் இல்லை. கல்யாண வீடு, சடங்கு வீடு, தீபாவளி, கோயில் திருவிழா என்றால் டிவி, டெக், ஜெனரேட்டர் மூன்றையும் லொறியில் ஏற்றிக்கொண்டு போவார். லயத்து வாசலில் மேசை போட்டு, விடிய விடிய மூன்று படம் ஓடும். கைக்குழந்தையோடு கம்பளிக்குள் உட்கார்ந்து பார்த்துவிட்டு, அப்படியே பிரட்டுக்கு (காலை வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்துக்கு) போன பெண்களில் எங்கள் அம்மாவும் ஒருவர். பிறகு அண்ணன் கொழும்புக்கு வேலைக்குப் போனபோது கேசட்டுகளை எல்லாம் விற்றார். அம்மா ஒரு பெட்டியை மட்டும் விடவில்லை. அதில் இருந்தது முழுக்க அரவிந்த்சாமி படம்.

அம்மாவுக்கு அவர் "கலெக்டர் தம்பி". 1991 தீபாவளிக்கு வந்த 'தளபதி'யில் ரஜினியின் தம்பியாக, மாவட்டக் கலெக்டராக வந்தாரே, அதிலிருந்து அந்தப் பெயர். 1970ல் பிறந்தவர். அந்தப் படம் வந்தபோது வயது 21தான். சென்னை லயோலாவில் படித்தவர், விளம்பரங்களில் நடித்தவர். ரஜினி, மம்முட்டி என்று இரண்டு மலைகள் நிற்கிற படத்தில் முதன்முதலாக வந்து, குரலை உயர்த்தாமல் நின்ற பையனை லயத்து அம்மாமார் எல்லோரும் கவனித்தார்கள். அடுத்த வருடமே 'ரோஜா', 1995ல் 'பம்பாய்', அதே வருடம் 'இந்திரா', 1997ல் 'மின்சாரக் கனவு'. அதற்குப் பிறகு படங்கள் அருகிப்போயின. 2000ல் 'அலைபாயுதே'யில் கொஞ்ச நேரம் வந்தார். பிறகு ஆளையே காணோம்.

எங்கள் அம்மா அதை வருடக்கணக்காகக் கேட்டார். "அந்தப் புள்ள எங்க போச்சு? சீக்கு கீக்கு வந்துருச்சா?" ஒரு மனுசன் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது தானாக இறங்கிப் போவார் என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. தோட்டத்தில் ஆட்கள் போவதென்றால் காரணம் வெளியில் இருந்து வரும். தோட்டத்து மக்களில் ஒரு பகுதியை இந்தியாவுக்கு அனுப்ப 1964ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள், எங்கள் தாய்மாமன் குடும்பம் தலைமன்னாரில் கப்பல் ஏறிக் குன்னூர்ப் பக்கம் போனது. போகச் சொன்னார்கள், போனார்கள். யாரும் சொல்லாமல் ஒருவர் போவது அம்மாவுக்குப் புரியாத விசயமாகவே இருந்தது.

இப்போது அம்மாவுக்கு முழங்கால் வலி, வெளியே அதிகம் நடமாட்டமில்லை. பெட்டியை எடுத்துத் துடைத்துப் பார்த்து, "இதெல்லாம் இனி ஓடாதா" என்று கேட்டார். வீட்டில் டெக் இல்லை. புதிதாக வாங்கவும் வழியில்லை, ஏனென்றால் கடைசியாக டெக் செய்துகொண்டிருந்த ஜப்பானிய நிறுவனமான ஃபுனாய் 2016 ஜூலையில் அந்த உற்பத்தியை நிறுத்திவிட்டது. படங்களை போனிலேயே பார்க்கலாமே என்று தம்பி சொன்னான். அம்மா, "என் கேசட்டு ஓடுமா ஓடாதா, அத சொல்லு" என்றார். அப்படித்தான் ஹட்டனுக்குப் போனேன்.

கடையைப் பற்றிச் சொல்கிறேன். ஒரே அறை. சுவரோரமாக டெக்குகள் அடுக்கியிருக்கும், பாதி உதிரிப்பாகத்துக்காக வைத்திருப்பவை. ஒரு கணினி, ஒரு பழைய பெட்டி டிவி, ஜன்னலில் ஒரு மின்விசிறி. கேசட் அண்ணனுக்கு ஐம்பது ஐம்பத்தைந்து வயது இருக்கும். முன்பு ரேடியோ, டிவி திருத்தியவர். பெட்டியைத் திறந்ததும் அவர் முதலில் செய்தது, ஒவ்வொரு கேசட்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, அந்தச் சின்னக் கண்ணாடி வழியாகச் சுருளின் விளிம்பைப் பார்த்தது. "டீச்சர், இங்க பாருங்க" என்று காட்டினார். கறுப்புச் சுருளின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு பூச்சு. பூஞ்சை. நம் ஊர்ப் பனிக்கும் மழைக்கும் இது வராமல் இருக்காது. நாடாவின் மேலே காந்தத் துகளை ஒட்டவைத்திருக்கும் பசைப் படலம் ஈரத்தை இழுக்கும், அதில் பூஞ்சை பிடித்துவிடும் என்றார். இப்படிப்பட்ட கேசட்டை அப்படியே டெக்கில் போட்டால் நாடா ஒட்டிக் கிழியும். டெக்கின் ஹெட் அழுக்காகி, அடுத்துப் போடுகிற நல்ல கேசட்டுக்கும் பூஞ்சை தொற்றும். ஆகவே யாராவது "சும்மா ஒருக்கா போட்டுப் பார்க்கலாம்" என்று சொன்னால் விடாதீர்கள்.

பூஞ்சை பிடித்தவற்றைத் தனியாக எடுத்து வைத்தார். அவற்றின் திருகைக் கழற்றி, நாடாவை மெதுவாகச் சுற்ற விட்டு, ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்துக் காய விடுகிறார். அதற்கென்று ஒரு பழைய டெக்கைத் தனியாக வைத்திருக்கிறார், நல்ல டெக்கில் அவற்றைப் போடுவதே இல்லை. கேசட்டின் முதுகில் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் தகடு உடையாமல் இருந்தால் அதை முதலிலேயே உடைத்துவிடுகிறார். அது இல்லாத கேசட்டில் டெக் மேலே பதியாது. கை தவறி ரெக்கார்ட் பொத்தான் அமுங்கினாலும் படம் அழியாது. இந்த ஒரு காரியத்திலேயே எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்துவிட்டது.

மாற்றுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று பலர் கேட்பார்களாம். படம் எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம். கணினியில் கோப்பு கொப்பி பண்ணுகிற வேலை இல்லை இது. கேசட் முழுவதும் ஓட ஓட, கணினி அதைப் பதிந்துகொண்டே போக வேண்டும். இரண்டரை மணி நேரப் படத்துக்கு இரண்டரை மணி நேரம். இடையில் கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து. நம் நாட்டு டிவி முறையான பால் (PAL) முறைக் கேசட்டை 720க்கு 576 அளவில், விநாடிக்கு 25 படமாகப் பதிகிறார். அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை, "எச்டி ஆக்கித் தாறேன்னு சொல்றவன நம்பாதீங்க" என்றும் சொன்னார்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. பெட்டியை வாங்கிக்கொண்ட அன்றே அவர் ஒரு கொப்பியில் ஒவ்வொரு படத்தின் பெயரையும் அது வெளிவந்த வருடத்தையும் எழுதினார். அம்மாவின் பெட்டியில் அவை ஒழுங்கில்லாமல் கிடந்தன. பென் டிரைவில் அவர் வருட வரிசைப்படி போட்டுத் தந்தார், முன்னால் 1, 2, 3 என்று எண் கொடுத்து. நான் அதைக் கேட்கவில்லை. "ஒரு ஆளோட படம்னா வரிசையாப் பாக்கணும் டீச்சர், அப்பதான் ஆள் தெரியும்" என்றார். நாங்கள் வரிசையாகவே பார்த்தோம். அவர் சொன்னது உண்மை.

'ரோஜா' 1992 ஆகஸ்ட் 15ல் வந்த படம். காஷ்மீர் என்று காட்டிய மலைகளில் பல இடங்கள் குன்னூர், ஊட்டி, மணாலிப் பக்கம் எடுத்தவை. குன்னூர் என்றதும் அம்மா டிவிக்குக் கிட்டப் போய் உட்கார்ந்தார். கணவனைத் தீவிரவாதிகள் கடத்திவிட, இந்தி தெரியாத தமிழ்ப் பெண் ஒவ்வொரு அதிகாரியின் வாசலிலும் போய் நிற்கிறாள். தொண்ணூறுகளில் கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போன நம் பிள்ளைகள் சுற்றிவளைப்பில் பிடிபட்டபோது, சிங்களம் தெரியாத தாய்மார் பொலிஸ் ஸ்டேசன் வாசலில் நின்றார்கள். அந்த வருடங்களில் லயத்து வாசலில் இந்தப் படம் ஓடும்போது ஒரு சத்தமும் இருக்காது என்று அம்மா சொன்னார். அறைக்குள் கட்டிப்போட்டிருக்கும் கணவனாக அரவிந்த்சாமி அதிகம் பேசுவதே இல்லை. அவர் நடிப்பின் பலம் அந்த அடக்கம் என்று நினைக்கிறேன். அப்போது எல்லோரும் அவருடைய நிறத்தையும் சிரிப்பையும் பேசினார்கள். சிரிக்காத இடங்களில்தான் அவர் நன்றாக நடித்திருக்கிறார்.

'பம்பாய்' கேசட்டில் வண்ணம் வழிகிறது. சிவப்பு உடுத்தியவர்களைச் சுற்றிச் சிவப்பு ஒரு நிழலாக நகர்கிறது. கேசட்டிலிருந்து கேசட்டுக்குத் திரும்பத் திரும்பப் பதிந்தவற்றில் இப்படி வரும், திருத்த முடியாது என்று கேசட் அண்ணன் முன்கூட்டியே சொல்லியிருந்தார். அம்மா அந்தப் படத்தின் முதல் பாதியை மட்டும் பார்ப்பார். இந்து பையனும் முஸ்லிம் பெண்ணும் ஊரைவிட்டு ஓடிவந்து குடும்பம் நடத்தும் வரை. கலவரத்தில் அந்த இரட்டைப் பிள்ளைகள் கூட்டத்தில் தொலைகிற இடம் வந்தால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார். தமிழருக்கு எதிரான 83 ஜூலைக் கலவரத்தை லயத்துக்குள் பதுங்கி இருந்து கடந்தவர். நான் நிறுத்தவில்லை, தொடர்ந்து பார்த்தேன். எரிகிற தெருவில் பிள்ளைகளைத் தேடி அலைகிற தகப்பனாக அவர் ஓடுவதில் நாயகத் தோரணை ஒன்றும் இல்லை. படம் வந்தபோது அவருக்கு 25 வயதுகூட ஆகவில்லை.

பிறகு 'மின்சாரக் கனவு'. காஜோல், பிரபுதேவா, ரஹ்மான் பாட்டு என்று எல்லோரும் வேறு காரணத்துக்காக ஞாபகம் வைத்திருக்கும் படம். வரிசையில் பார்க்கும்போது என் கண் வேறொன்றில் நின்றது. அதில் அரவிந்த்சாமி வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்த பணக்காரப் பிள்ளை. விரும்பிய பெண் கிடைக்காமல், கடைசியில் பாதிரியார் அங்கி போட்டுக்கொண்டு நிற்பார். எல்லாம் உள்ள ஒருவன் எல்லாவற்றையும் விட்டு ஒதுங்குகிற வேடம். அதற்குப் பிறகு 1999ல் 'என் சுவாசக் காற்றே', அடுத்த வருடம் 'அலைபாயுதே', அதோடு பெட்டி முடிகிறது.

அவர் ஏன் போனார் என்பதை அம்மாவுக்கு நான் வாசித்துச் சொன்னேன். பிற்காலத்துப் பேட்டிகளில் அவரே பேசியிருக்கிறார். இருபது வயதில் வந்த அந்தப் புகழும் கூட்டமும் அவருக்கு ஒத்துவரவில்லை. சினிமாவுக்கு வெளியே வேலை பார்க்க விரும்பினார், தொழிலில் இறங்கினார். 2005ல் டேலண்ட் மாக்சிமஸ் என்று ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். கம்பெனிகளுக்குச் சம்பளக் கணக்குப் பார்த்துக் கொடுப்பதும் ஆள் எடுத்துக் கொடுப்பதும் அதன் வேலை. இடையில் முதுகெலும்பில் அடிபட்டு, ஒரு காலில் பகுதி வாதம் வந்து, நீண்ட காலம் வலியோடு இருந்தார். "பாவம் புள்ள" என்றார் அம்மா. கொஞ்சம் யோசித்துவிட்டு, "சம்பளக் கணக்கா பாத்துச்சு?" என்று கேட்டார். தோட்டத்தில் சம்பளக் கணக்குப் பார்க்கிற கிளாக்கர் எப்படிப்பட்ட ஆள் என்று அம்மாவுக்குத் தெரியும். நாள் பெயர் (அன்றைய வேலைப் பதிவு) விழுந்ததா, கொழுந்து நிறை சரியா என்று அந்த மேசைக்கு முன் நின்று வாதாடியவர். அந்தப் பக்கத்தில் உட்காரப் போனார் தன் கலெக்டர் தம்பி என்பதை ஏற்றுக்கொள்ள அவருக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. "சரி, நல்லபடியாப் பாத்திருப்பான்" என்று முடித்தார்.

புகழை விட்டுப் போனவர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் அதை ஒரு துயரக் கதையாகவே எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இந்தக் கேசட்டுகளில் எங்கேயும் புகழுக்கு ஏங்குகிற முகம் இல்லை. 'தளபதி'யில் இருந்த அதே நிதானம் கடைசிவரை இருக்கிறது. அந்த மனிதர் தொலைந்துபோகவில்லை, நாங்கள் பார்க்கிற இடத்தில் இல்லை, அவ்வளவுதான். இதை நான் பேட்டிகளில் படித்தபோது புரிந்ததைவிட, கடைக்காரர் போட்டுத் தந்த வரிசையில் பார்த்தபோது நன்றாகப் புரிந்தது.

திரும்பி வந்த கதை கேசட்டில் இல்லை, கேசட் காலமே முடிந்துவிட்டது. 2013ல் மணிரத்னம்தான் மறுபடி அழைத்து வந்தார், 'கடல்' படத்தில். என்ன வேடம்? பாதிரியார். விட்டுப்போன அங்கியை மறுபடி எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தது மாதிரி இருந்தது எனக்கு. 2015ல் 'தனி ஒருவன்' வில்லன். 2018ல் 'செக்கச் சிவந்த வானம்'. 2021ல் 'நவரசா'வில் 'ரௌத்திரம்' என்ற பகுதியை இயக்கினார். 2024ல் 'மெய்யழகன்' வந்தபோது அம்மாவைத் தம்பியின் போனில் பார்க்க வைத்தோம். தஞ்சாவூரில் இருந்த பூர்வீக வீட்டைச் சொந்தக்காரர்களிடம் இழந்து சென்னைக்குப் போன குடும்பத்துப் பையன், இருபது வருடத்துக்கு மேல் கழித்து ஒரு கல்யாணத்துக்காக ஊருக்கு வருகிறான். அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். "வயசாயிருச்சு. ஆனா அதே புள்ளதான்" என்றார்.

கடைக்குத் திரும்புகிறேன். குறைகளும் உண்டு. படி மிகச் செங்குத்து, கைப்பிடி இல்லை. வயதானவர்களை மேலே ஏற்ற வேண்டாம், கீழே தையல் கடையில் கொடுத்துவிட்டால் அவரே இறங்கி வந்து வாங்கிக்கொள்வார். ரசீது தருவதில்லை, கொப்பியில் எழுதுவதோடு சரி. ஆகவே கொடுக்கும்போது கேசட்டுகளைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முதலில் தந்த பென் டிரைவில் இரண்டு படங்கள் அகலமாக இழுபட்டிருந்தன, எல்லோருடைய முகமும் வீங்கினாற்போல. பழைய டிவிக்கு எடுத்த சதுரப் படத்தைப் புதிய டிவியின் அகலத்துக்கு விட்டுவிட்டார். சொன்னதும் முகம் சுளிக்காமல், காசு கேட்காமல் மறுபடி செய்து தந்தார். ஒரு கேசட்டில் சத்தத்தோடு ஒரு இரைச்சல் கேட்டுக்கொண்டே இருக்கிறது, அதை அவரால் முழுதாக எடுக்க முடியவில்லை.

நான் மிகவும் மெச்சுவது இன்னொன்று. படத்தின் தொடக்கத்தில் வீடியோ கடை விளம்பரமும், ஓடும்போது அடியில் நகர்ந்து போகும் கடைப் பெயரும் இருக்குமே, அவற்றை வெட்டவா என்று கேட்டார். வெட்ட வேண்டாம் என்றேன். அவர் முகம் மலர்ந்தது. பலர் வெட்டச் சொல்கிறார்களாம். எந்தக் கடை, எந்தக் காலம், எந்த வழியாக இந்தப் படம் நம் தோட்டம் வரை வந்தது என்பதற்கு அந்த வரிதானே சாட்சி என்றார். நம் நாட்டுத் தமிழ்ப் படங்களையே நாம் எவ்வளவு இழந்திருக்கிறோம் என்றும் பேசினார். 1983 ஜூலையில் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ எரிந்தபோது எத்தனையோ படச் சுருள்கள் அதோடு போயின. தோட்டத் தொழிலாளர் வாழ்க்கையை வைத்து வி. பி. கணேசன் நடித்துத் தயாரித்த 'புதிய காற்று' 1975ல் வந்தது. அதைக் கேட்டு வயதானவர்கள் இன்னும் தன் கடைக்கு வருகிறார்கள் என்றார். கொழும்புப் படமோ சென்னைப் படமோ, யார் வீட்டுப் பரணில் எது கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது, வாங்கிப் பார்த்துவிடுவதுதான் சரி என்பது அவர் கட்சி. நானும் அந்தக் கட்சிதான்.

கட்டணம் ஒரு கேசட்டுக்கு 1,200 ரூபா. பூஞ்சை துடைக்க மேலதிகமாக 500. பென் டிரைவ் நாமே கொண்டு போகலாம். 32 ஜிபி போதும். ஆனால் பழைய டிவியில் போடுவதாக இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்த டிவிகள் வாசிக்கிற பென் டிரைவில் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது, அவர் அதற்கேற்ற அளவில் செய்து தருவார். கார்ட் எடுப்பதில்லை, காசாகத்தான் கொடுக்க வேண்டும். கேசட்டைச் சீலைப்பையில் சுற்றிக் கொண்டு போங்கள், பிளாஸ்டிக் பைக்குள் ஈரம் தங்கும். மாற்றிய பிறகு வீசிவிடாமல், முழுதாகச் சுற்றி, புத்தகம் மாதிரி நிறுத்தி வையுங்கள். சனிக்கிழமை டவுனுக்கு எல்லோரும் வருகிற நாள், அன்று கடையில் நிற்க இடமிருக்காது. வேலை நாளில் பின்னேரம் நல்லது. கேட்டால் ஒரு பிளேன்டீயும் கிடைக்கும்.

அம்மாவின் பெட்டியில் இல்லாத ஒன்றை இப்போது தேடுகிறோம். மகேந்திரன் இயக்கிய 'சாசனம்'. அரவிந்த்சாமி ஒதுங்குவதற்கு முன் நடித்தது, ஆனால் திரைக்கு வந்தது 2006ல், அவரை எல்லோரும் மறந்திருந்த காலத்தில். அம்மா அதைப் பார்த்ததில்லை. கேசட் அண்ணனிடமும் இல்லை, கொப்பியில் குறித்து வைத்திருக்கிறார். உங்கள் வீட்டில் அந்தப் படத்தின் நல்ல கேசட் இருந்தால் ஹட்டனில் அந்தத் தையல் கடையில் சொல்லிவிட்டுப் போங்கள்.